போகக்கூடாதது எது என்று கேட்பவள்

எனக்கு எழுத வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். கொம்பும் காலும் இடம் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் வந்துவிட்டது. காலையில் மாத்திரை போட்டேனா இல்லையா என்பதற்கே டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனாலும், தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள் என்று இந்தப் பத்திரிகையில் கேட்ட நாளிலிருந்து ஒருத்தியின் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அவளைப் பற்றியும், எங்கள் இரண்டு பேர் கையால் ஒரு பழைய துப்பாக்கியிலிருந்து தொலைந்துபோன அரிசி அளவு வெள்ளையைப் பற்றியும் எழுதுகிறேன்.

பெயர் போடவில்லை. போட்டால், "என் பேரப் பேப்பர்ல போட இவ யாரு" என்று எங்கிருந்தாலும் பஸ் ஏறி வந்துவிடுவாள். என்னைவிட மூன்று வயது சின்னவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். மற்றவர்களுக்கு அவள் கெமிக்கல் அக்கா.

எங்கள் ஊர் ஆயர் ஈத்தாமில் சாடி சட்டி விற்கும் கடைகளுக்குப் பின்னால் ஒரு வரிசைக் கடை உண்டு. அதில் கடைசிக் கடை அவளுடையது. பழைய உலோகச் சாமான் எதைக் கொண்டுபோனாலும் மேல்பூச்சை உரித்துவிட்டுப் புதுப் பூச்சு போட்டுத் தருவாள். மோட்டார் சைக்கிள் புகைக்குழாய்க்குக் குரோம், கதவுப் பிடிக்கு நிக்கல், இரும்புக்குக் கருநீலம். சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் பல வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு, "அங்க ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் போடுவேன், ஒண்ணோட முகமும் ஞாபகம் இல்ல" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தவள்.

நான் முன்வரிசைச் சட்டிக் கடையில் சாடிகளுக்குப் பேப்பர் சுற்றும் வேலையில் இருந்தேன். ஒருநாள் வந்து கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நீ ஒரு மணி நேரமா வாயத் தொறக்கல. எங்கிட்ட வந்துரு. பேசுறதுக்கு நான் இருக்கேன், நீ துடை."

போய்விட்டேன். துடைப்பதும் எழுதுவதும் என் வேலை. எழுதுவது என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பிஸ்கட் டின் மூடி. அந்த மூடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, அதில் ஒரு வார்த்தையோ இரண்டு வார்த்தையோ எழுத வேண்டும். சாமானின் சொந்தக்காரர் பெயர் இல்லை, என்ன பூச்சு என்பதும் இல்லை. அந்தச் சாமானில் எது போகக்கூடாதோ அது.

அதுதான் அவள். யார் எதைக் கொண்டுவந்தாலும் முதல் கேள்வி அதுதான். வருகிறவர்கள் எல்லாரும் துரு போகணும், கீறல் போகணும், கறை போகணும் என்று போக வேண்டியதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டு முடித்துவிட்டு, "அதெல்லாம் சரி. எது போகக்கூடாது?" என்பாள். பாதிப் பேர் விழிப்பார்கள்.

ஒரு பையன் மோட்டார் சைக்கிள் முன்விளக்குக் கூட்டைக் கொண்டுவந்தான். எல்லாம் புதுசாக வேண்டும் என்றான்.

"இந்தச் சொட்டை?" என்று விரலை வைத்தாள்.

அவன் தரையைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. "அது... அது மட்டும் இருக்கட்டும் அக்கா. அவளும் நானும் முதல்ல விழுந்தது."

"அக்கா, எழுது. சொட்டை."

கோவில்காரர்கள் ஐந்து பேர் ஒரு பித்தளைத் தூக்கு விளக்கைச் சுமந்து வந்தார்கள். எது போகக்கூடாது என்று கேட்டதும் ஐந்து பேரும் ஐந்து சொன்னார்கள். கடைசியில் ஒருவர் மெதுவாக அவளைத் தள்ளி அழைத்துப் போய், "போகக்கூடாதது இருக்கட்டும்மா, அடியில உபயம்னு ஒரு பேரு வெட்டியிருக்கு பாருங்க, அது போனா நல்லது" என்றார். பேருக்குரியவர் போன கோவில் தேர்தலில் இவருக்கு எதிராக நின்றவராம். அவள் விளக்கைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "நீங்க அஞ்சு பேரும் பேசி முடிச்சிட்டு வாங்க. என் ஆசிட் யாருக்கும் ஓட்டுப் போடாது." இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தார்கள். டேப்பில் உபயம் என்று எழுதினேன்.

அவள் புருஷன் வேறொருத்தியோடு போகிறேன் என்று பெட்டி கட்டிய நாளிலும் இதே கதைதான். நான் அங்கே இருந்தேன், எங்கே ஒளிவது என்று தெரியாமல் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். "போறதுன்னா போ. எது போகக்கூடாதுன்னு நான் சொல்றேன். கேஸ் அடுப்பு, ரேடியோ. மத்ததெல்லாம் எடுத்துக்க" என்றாள். அவர் உண்மையிலேயே மற்றதெல்லாம் எடுத்துக்கொண்டார். தலையணை உறை வரைக்கும். ஒரு வாரம் அந்த ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டே வேலை செய்தாள். நானும் குறைக்கச் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவளே ஒருமுறை தவறவிட்டாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒருநாள் காலை கடை வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. நான் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நம் ஆள் ஒருவர், இளவயது இன்ஸ்பெக்டர், கையில் கடிதத்தோடு இறங்கினார். பின்னால் ஒரு மலாய் கான்ஸ்டபிள், ஒரு மரப்பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு பழைய ரிவால்வர், துண்டு துண்டாகக் கழற்றி வைத்திருந்தது. இனிமேல் சுட முடியாதபடி குழலை அடைத்து, உள் பாகத்தை எடுத்துவிட்டார்களாம். அவர்கள் நிலையத்தில் பழைய பொருள்களுக்கென்று ஓர் அறை திறக்கப் போகிறார்கள், அதில் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். காலையில் கொண்டுவருவார்கள், மாலையில் கொண்டுபோய்விடுவார்கள், இடையில் கான்ஸ்டபிள் அதை விட்டு நகரமாட்டார். கடிதத்தில் இதெல்லாம் எழுதி மூன்று முத்திரை குத்தியிருந்தது. அவள் இரண்டு தரம் படித்து, ஒரு பிரதியும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

"மேடம், எங்க ஆபீஸ் பெரியவர் வராரு திறப்பு விழாவுக்கு. புதுசு மாதிரி இருக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"துரு போகணும், தெரியுது சார். எது போகக்கூடாது?"

"நம்பர். நம்பர் போனா என் வேலையும் போச்சு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல லா."

நான் டேப்பில் நம்பர் என்று எழுதினேன்.

முதல் வேலை எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது. மண்ணெண்ணெயில் பிரஷை நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பழைய கருநீலம் அங்கங்கே திட்டுத் திட்டாக நின்றது, மற்ற இடமெல்லாம் பழுப்புத் துரு. கைப்பிடியின் முன் விளிம்பில், விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும், ஓர் அரிசி அளவுக்கு வெள்ளை வெளேர் என்று இருந்தது. துரு அதைத் தொடவே இல்லை. அழுக்கோ என்று தேய்த்தேன், போகவில்லை. இரும்பே அந்த இடத்தில் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது.

இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டரின் தொப்பியைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போய்விட்டது.

அன்று மத்தியானத்துக்குள் பழைய பூச்சும் துருவும் தொட்டியில் கரைந்து, எல்லாத் துண்டுகளும் வெறும் இரும்பாக வெளியே வந்தன. எல்லாம் வெள்ளையான பிறகு அந்த வெள்ளை எது என்று யார் கண்டுபிடிப்பது? பக்கங்களை அவள் கையாலேயே மினுக்கினாள், பாலிஷ் சக்கரத்தில் வைக்கவில்லை. நம்பர் பக்கம் மட்டும் தீக்குச்சியில் துணி சுற்றி ஒவ்வொரு எண்ணாகத் துடைத்தாள். மறுநாள் கறுப்புத் தொட்டி. அது பெயின்ட் இல்லை, இரும்பே கறுத்துப்போவது. முதலில் வைக்கோல் நிறம் வரும், பிறகு ஊதா வரும், பிறகு நாவல் பழத்தோல் மாதிரி ஆகும். கழுவி எண்ணெய் பூசி, துண்டுகளைப் பூட்டித் துணியில் வைத்தபோது, நான் கூட ஒரு நிமிடம் அந்த அரிசியை மறந்துவிட்டேன். அவ்வளவு அழகு.

மூன்றாம் நாள் ஓர் அம்மா வந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். கையில் குடை, மஞ்சள் பை. விழாவுக்கு அழைத்த போலீஸ்காரர்கள் சொல்லி, பாலோவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

"என் வீட்டுக்காரர் துப்பாக்கி இங்கதான் குளிக்குதாமே. பாக்கலாமா?"

அவர் கணவர் அந்தக் காலத்தில் பாலோவில் போலீஸ் கார்ப்பரல். அந்த ரிவால்வர் பதினெட்டு வருஷம் அவர் இடுப்பில் இருந்தது. கான்ஸ்டபிள் கொஞ்சம் யோசித்துவிட்டு, துணியோடு எடுத்து அவர் மடியில் வைத்தார். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடியின் முன்பக்கத்தைப் பார்த்தார். கட்டை விரலால் தடவினார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது அவரோடது இல்ல."

கான்ஸ்டபிள் பதறிப்போய் நம்பரைக் காட்டினார்.

"நம்பர் உங்க ஆபீசுக்குத் தம்பி. எனக்கு எங்க தெரியும் நம்பரு? இந்த எடத்துல ஒரு வெள்ளை இருக்கும், அரிசி மாதிரி. அவரு மோதிரம் பட்டுப் பட்டுத் தேஞ்சது."

நான் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டேன்.

அந்த அம்மா சொன்னது இது. கார்ப்பரல் வேலை முடிந்து வந்தால் குவார்ட்டர்ஸ் சமையலறை வாசலில் நிற்பாராம். மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். டீ வேண்டும் என்றும் சொல்ல மாட்டார். இடுப்புத் துப்பாக்கியின் பிடியில் கையை வைத்து மோதிரத்தால் உரசிக்கொண்டே நிற்பார், பிறகு டிக் டிக் என்று இரண்டு தட்டு.

"அதான் என் பேரு. டிக் டிக். நான் எந்திரிச்சுப் போய் அடுப்பப் பத்த வைப்பேன்."

"யாரையாச்சும் சுட்டிருக்காரா?" என்று கேட்டாள் இவள்.

"ஒரு தடவ காட்டுப்பன்னியச் சுட்டாரு. பன்னி நின்னு அவரப் பாத்துட்டுப் போச்சு."

கான்ஸ்டபிளுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும்போல, வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வர்ற வாரம் என்னை முன் வரிசையில உக்கார வைக்கப் போறாங்களாம். இதான் உங்க வீட்டுக்காரர் துப்பாக்கின்னு பெரியவர் காட்டுவாரு. நான் தலைய ஆட்டணும். எதப் பாத்து ஆட்டுறது, சொல்லு."

அவள் டின் மூடியை எடுத்து, நான் எழுதிய டேப்பை விரலால் தேய்த்தாள்.  

"நான் பார்த்தேன்," என்றேன். "துடைக்கறப்போ. வெள்ளையா இருந்துச்சு."

"பாத்தியா? ஏன்க்கா சொல்லல?"

"இன்ஸ்பெக்டர் தொப்பி போட்டிருந்தாரு."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்த அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். "தப்பு என்னோடதும்மா. கேள்வி கேட்டேன், கேக்க வேண்டிய ஆளக் கேக்கல. தொப்பியக் கேட்டுட்டேன்."

கான்ஸ்டபிள் பாலிஷ் சக்கரத்தைக் கைகாட்டினார். அதில் ஒரு தொடு தொட்டால் வெள்ளை வந்துவிடுமே என்று மலாயில் சொன்னார். உண்மைதான், இரண்டு நொடி வேலை.

"நான் போட்டா அது என் வெள்ளை," என்றாள் அவள். "அத வச்சு இந்த அம்மா தலைய ஆட்ட முடியுமா?"

அப்போதுதான் அந்த அம்மாவின் கட்டை விரலைப் பார்த்தாள். பெரிய ஆண் மோதிரம், ஐம்பொன். கழன்றுவிடாமல் இருக்க உள்பக்கம் நூல் சுற்றியிருந்தது.

"அது யாரோடது?"

"அவரோடதுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கான்ஸ்டபிள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "அலமாக்" என்று தலையில் கை வைத்தார். இன்னும் எத்தனை நாள் அந்த ஸ்டூலில் உட்கார வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

இடம் எது என்பதில் அவள் விடவில்லை. என்னைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னாள். அந்த அம்மா காட்டிய இடத்தைப் பேப்பரில் குறித்துக்கொண்டாள். பிறகு அவரைத் திரும்பச் சொல்லிவிட்டு என்னைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடம். நான் ஒரு நெல் அளவு கீழே காட்டினேனோ, அந்த அம்மா கீழே காட்டி நான் மேலே காட்டினேனோ, இப்போது குழம்புகிறது. "ரெண்டுக்கும் நடுவுல" என்று தீர்ப்புச் சொன்னாள்.

மூன்று மத்தியானம் அந்த அம்மா பாலோவிலிருந்து வந்தார். கான்ஸ்டபிள் பெட்டியோடு வருவார். அந்த அம்மா மோதிரத்தை நூலோடு ஆள்காட்டி விரலுக்கு மாற்றி, கைப்பிடியின் விளிம்பில் உரசிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் பூச்சு அவ்வளவு கெட்டி.

"பதினெட்டு வருசம் அவரு தேச்சத மூணு நாள்ல தேய்க்கச் சொல்ற."

"உங்க வீட்டுக்காரருக்குச் சம்பளம் குடுத்துத் தேய்க்க வச்சாங்கம்மா. நீங்க ஓசியில தேய்க்கிறீங்க, அதான் வேகம் இல்ல."

"உன் வாய்க்குத்தான் முதல்ல பூச்சு போடணும்."

இரண்டாம் நாள் மோதிரத்தில் ஒரு துளி பாலிஷ் மெழுகு தடவிக் கொடுத்தாள். அதற்கு மேல் எந்த உதவியும் செய்யவில்லை. கான்ஸ்டபிள் வாழைப்பழப் பலகாரம் வாங்கிவந்து நான்கு பேருக்கும் பங்கு வைத்தார். "மாக்சிக், லாம்பாட் லாகி கா?" என்று அரைமணிக்கு ஒருமுறை கேட்பார். இன்னும் நேரமாகுமா என்று அந்த அம்மாவைக் கேட்பது. அவரும் சளைக்காமல், "உன் வயசுல எனக்கு இவ்வளவு அவசரம் இல்ல" என்று தமிழிலேயே பதில் சொல்வார்.

மூன்றாம் நாள் மத்தியானம், கறுப்பு முதலில் பழுப்பானது, பிறகு நடுவில் ஊசி முனை அளவுக்கு வெளுத்தது, பிறகு அரிசி. அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கையைப் பிடியில் சரியாக வைத்துக்கொண்டு, விரலைத் தூக்கி இரண்டு தட்டுத் தட்டினார்.

டிக் டிக்.

தட்டிய உடனே அவரே ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார். எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல், ஒரு கையில் துப்பாக்கியோடு அப்படியே நின்றார்.

அவள் தொட்டிப் பக்கத்திலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உக்காருங்கம்மா," என்றாள். "இன்னைக்கு அக்கா போடுவா."

நான் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வாங்கிப்போக வந்தார். கருநீலத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு முகம் மாறியது.

"மேடம், இங்க ஒரு எடம் விட்டுப்போச்சே."

"விட்டுப்போகல சார், விட்டிருக்கோம். மூடியப் பாருங்க."

டேப்பில் நம்பர் என்பதற்குக் கீழே நான் இன்னொரு வார்த்தை எழுதியிருந்தேன். அவர் உரக்கப் படித்தார். "நம்பர். டீ." ஒன்றும் புரியாமல் நிமிர்ந்தார். எனக்கு மறுபடியும் அந்தத் தொப்பி தெரிந்தது. ஆனாலும் இந்தத் தடவை வாயைத் திறந்தேன். நான்கு வாக்கியம் சொல்லியிருப்பேன். மீதியைக் கான்ஸ்டபிள் மலாயில் சொல்லி முடித்தார், பன்றிக் கதை உட்பட. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பெரியவர் கேட்டா?"

"முன் வரிசையில ஒரு அம்மா இருப்பாங்க. அவங்களக் கேக்கச் சொல்லுங்க."

திறப்பு விழாவுக்கு நாங்களும் போனோம். நான் கூச்சத்தில் கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். உள்ளே முதுகுகள்தான் தெரிந்தன. யாரோ பேசினார்கள், கைதட்டினார்கள். அவள் கூட்டத்தில் புகுந்து முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து என் காதில் சொன்னாள்: "ஆட்டிட்டாங்க. ரெண்டு தடவ." வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் வேறு ஒன்றும் பேசவில்லை, அதனால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு ரசாயனத் தொட்டி வைத்த கடையெல்லாம் ஊருக்குள் இருக்கக்கூடாது என்றார்கள். அவள் தொட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு கூலாய் பக்கம் தொழிற்பேட்டைக்குப் போனாள், எனக்குப் பஸ் தூரம் ஒத்துவரவில்லை. கொஞ்ச வருஷம் தீபாவளிக்கு போன் வரும். எடுத்ததும், "என்னக்கா, வாயத் தொறந்தியா?" என்பாள். பிறகு அவள் நம்பரும் மாறிவிட்டது, என் நம்பரும் மாறிவிட்டது.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் ஓர் உதவி செய்யுங்கள். நான் எழுதியதில் நாள் கணக்கு முன்பின் இருக்கலாம், கார்ப்பரலா சார்ஜனா என்பதும் எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை, தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அறை இன்னும் இருந்தால் உள்ளே போய்ப் பாருங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கைப்பிடியின் முன் விளிம்பில், விரல் மடங்கும் இடத்தில் அந்த வெள்ளை இருக்கிறதா, அல்லது சுத்தக்காரர் யாராவது அதையும் கறுப்பாக்கிவிட்டாரா என்று பார்த்து இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள். கறுப்பாக்கியிருந்தால் அந்த இடம் எனக்குத் தெரியும், ஒரு நெல் அளவு முன்னே பின்னே இருந்தாலும். நானே வந்து காட்டுகிறேன்.